பேர் சொல்லி மனந்திரும்புதல்

"தெரிந்தும் தெரியாமலும் இன்று நாங்கள் செய்த பாவங்களை மன்னியும், ஆண்டவரே." எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் யார் வீட்டில் இரவு ஜெபம் நடந்தாலும் இந்த வரி வந்துவிடும். அப்பா சொன்னார், அம்மா சொன்னார், இப்போது என் பிள்ளைகள் அவரவர் வீட்டில் சொல்கிறார்கள். நல்ல வரிதான். "தன் பிழைகளை உணருகிறவன் யார்? மறைவான குற்றங்களுக்கு என்னை நீங்கலாக்கும்" என்று 19ஆம் சங்கீதத்தில் தாவீதே ஜெபித்திருக்கிறார். ஆனால் இந்த ஒரு வரியோடு விளக்கை அணைத்துவிட்டால், அன்றைக்கு நடந்த எதையுமே நாம் தொடவில்லை. தெரியாமல் செய்தது இருக்கட்டும். தெரிந்தே செய்தது எது, யாருக்குச் செய்தோம் என்று ஆண்டவர் முன்னால் வாய் திறந்து சொன்னோமா? தினசரி மனந்திரும்புதல் அங்கேதான் தொடங்குகிறது என்று நான் நம்புகிறேன். அதை நடைமுறையில் எப்படிச் செய்து பார்த்தேன், எங்கே சிக்கியது, எது கைகொடுத்தது என்று எழுதுகிறேன்.

நான் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டில் தையல் கடை வைத்திருப்பவள். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே, பழைய பெருஞ்சாலையில் இருக்கிற ஊர். சுற்றிலும் முன்பு ரப்பர். இப்போது கண்ணுக்குத் தெரிகிற இடமெல்லாம் செம்பனை. தோட்டத்தில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, லயத்து வீட்டை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அம்மா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, கிளம்பும்போது நின்ற நிலையிலேயே ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டுத்தான் வாசற்படி இறங்குவார். இன்று இந்த ஊரில் என்னிடம் ரவிக்கை தைக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள்தான். முக்கால்வாசிப் பேர் இந்துக்கள். தீபாவளி, பொங்கல், தைப்பூசம், மாரியம்மன் கோயில் திருவிழா, அப்புறம் கல்யாண மாதங்கள், இவைதான் என் வேலையின் காலண்டர்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. மனந்திரும்புதல் என்றாலே நம் சபைகளில் பெரிய பாவங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. குடி, சூதாட்டம், விபசாரம். எழுப்புதல் கூட்டத்தில் சாட்சி சொல்ல வருகிறவர்களும் அப்படிப்பட்ட வாழ்க்கையிலிருந்து வந்தவர்கள்தான். கேட்கும்போது நானும் அழுதிருக்கிறேன், ஆண்டவரை ஸ்தோத்திரித்திருக்கிறேன். ஆனால் காலை முதல் மாலை வரை தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணுக்கு, தினமும் மனந்திரும்ப என்ன இருக்கிறது? இந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது, ஈஸ்டருக்கு முந்தின லெந்து கால வேதபாடம் ஒன்றில்.

எங்கள் சபை மெதடிஸ்ட் தமிழ்ச் சபை. அந்த வருடம் லெந்து நாட்களில் வாராவாரம் ஒரு வீட்டில் கூடி லூக்கா சுவிசேஷம் படித்தோம். மூன்றாம் அதிகாரம் வந்தது. யோவான்ஸ்நானகன் யோர்தான் நதிக்கரையில் நின்று, "மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனிகளைக் கொடுங்கள்" என்கிறார். ஜனங்கள் திருப்பிக் கேட்கிறார்கள்: "அப்படியானால் நாங்கள் என்ன செய்யவேண்டும்?" போதகர் அந்த இடத்தில் நிறுத்தி, யோவான் சொன்ன பதில்களை ஒவ்வொன்றாக எங்களையே வாசிக்கச் சொன்னார். இரண்டு அங்கி வைத்திருக்கிறவன் இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும். வரி வசூலிக்கிற ஆயக்காரர் விதித்ததற்கு அதிகமாக எதுவும் வாங்கக்கூடாது. போர்ச்சேவகர் யாரையும் மிரட்டக்கூடாது, பொய்க்குற்றம் சாட்டக்கூடாது, சம்பளம் போதுமென்று இருக்கவேண்டும்.

"கவனிச்சீங்களா?" என்று போதகர் கேட்டார். "ஆயக்காரனிடம் வேலையை விடச் சொல்லலை. உபவாசம் இருக்கச் சொல்லலை. அவனவன் வேலையில் எங்கே கை நீளுமோ அந்த இடத்தைத் தொட்டுச் சொல்கிறார். இப்போ நீங்க வரிசையில் போய் நின்னா, யோவான் உங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் என்ன சொல்வார்?"

வட்டமாக உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பள்ளி வேன் ஓட்டுகிற ஒரு தம்பி, "பிள்ளைங்களை இறக்கிவிடற இடத்தில நான் பேசற பேச்சைச் சொல்வார்" என்றார். தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களை மேய்க்கிறவராக, இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், பிடிக்காத ஆளுக்கு எப்போதும் மேட்டு நிரையை, மேட்டில் இருக்கிற மர வரிசையை, கொடுத்த காலத்தைச் சொன்னார். வெட்டுமரத்து வேலை தெரிந்தவர்களுக்கு அதன் அர்த்தம் புரியும். பால் வாளியைத் தூக்கிக்கொண்டு தினமும் ஏறி இறங்கினால் இடுப்பு போய்விடும். கணக்குப் புத்தகத்தில் அது எங்கும் பதியாது, எந்தச் சங்கமும் அதைக் கேட்காது. அந்தப் பெரியவர் பெயர் சொல்லியே சொன்னார். அந்த ஆள் இப்போது உயிரோடு இல்லை, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

என் முறை வந்தது. எனக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. மிச்சத் துணி, கொடுக்கிற தேதி. இரண்டும் உடனே கண்முன் வந்து நின்றன.

தையல் தொழில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். சேலையோடு வருகிற ரவிக்கைத் துணி ஒல்லியான ஆளுக்கு மிஞ்சும். அளவு ரவிக்கையை விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு வெட்டியதும் ஓரத்தில் ஒரு துண்டு நிற்கும். சில நேரம் ஜரிகைக் கரை முழுசாகவே நிற்கும். வாடிக்கையாளருக்கு அது தெரியாது, கேட்கவும் மாட்டார். அந்தத் துண்டுகள் பைக்குள் சேர்ந்து பிள்ளைகளின் பாவாடைக்கு ஓரமாகும், சின்னப் பணப்பை ஆகும், விலைக்கும் போகும். தொழிலில் இது வழக்கம். என்னிடம் தொழில் பழகியவர்களும் அப்படித்தான் பார்த்துப் பழகினார்கள். வழக்கம் என்கிற ஒரே காரணத்தால் யாரும் அதைத் திருட்டு என்று நினைப்பதில்லை.

தேதி விஷயம் இன்னும் மோசம். தீபாவளிக்கு முந்தின மாதத்தில் எந்தத் தையல் கடையிலும் மூச்சு விட நேரம் இருக்காது. அப்போதும் வருகிறவரைத் திருப்பி அனுப்ப மனம் வராது. "வெள்ளிக்கிழமை வாங்க, ரெடியாயிருக்கும்" என்போம். வெள்ளிக்கிழமைக்குள் அதை வெட்டக்கூட மாட்டோம் என்பது சொல்லும்போதே தெரியும். அவர் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் மழையில் வருவார். "கை மட்டும் பாக்கி அக்கா, நாளைக்கு வாங்க" என்போம். துணி அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருக்கும். இப்படி ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம்! "பொய்யைக் களைந்து, அவனவன் பிறனுடனே மெய்யைப் பேசக்கடவன்" என்று எபேசியர் 4:25இல் வாசித்துவிட்டு, மறுநாள் காலை கடையைத் திறந்ததும் முதல் வார்த்தையே பொய்யாக இருந்தால் அந்த வசனம் எங்கே போய் நின்றது?

மன்னிப்புக் கேட்டு ஜெபிப்பதோடு இதை விட முடியாது என்று அன்றைக்குத் தெளிவாகப் புரிந்தது. மறுநாளும் அதே நெருக்கடி வரும், அதே வாய் அதே பொய்யைச் சொல்லும். நீதிமொழிகள் 28:13, "அறிக்கைசெய்து விட்டுவிடுகிறவனோ இரக்கம் பெறுவான்" என்கிறது. விட்டுவிட வேண்டுமென்றால் வேலை நடக்கிற முறையையே மாற்றவேண்டும். பில் புத்தகத்தில் கொடுக்கும் தேதியோடு துணி வெட்டும் தேதியையும் எழுத ஆரம்பித்தேன். வெட்டும் நாளுக்கு எதிரே இடம் இல்லையென்றால் ஆர்டர் எடுப்பதில்லை. தீபாவளிக்கு ஆர்டர் நிறுத்தும் நாளைக் கடை வாசலில் எழுதி ஒட்டினேன். மிச்சத் துணியைச் சுருட்டி, தைத்த ரவிக்கையோடு ஊக்குக் குத்தி அதே பையில் போட்டுக் கொடுக்கிறேன்.

இதில் நஷ்டம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. திருப்பி அனுப்பிய ஆர்டர்கள் பக்கத்துக் கடைக்குப் போயின. பல வருட வாடிக்கையாளர் ஒருவர், "என்ன அக்கா, பெரிய ஆளாயிட்டீங்களா? நமக்கே இல்லைன்னு சொல்றீங்க" என்று கோபித்துக்கொண்டு போனார், இதுவரை திரும்பி வரவில்லை. மனந்திரும்பினால் வியாபாரம் பெருகும் என்று யாராவது பிரசங்கித்தால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆயக்காரரான சகேயு பாதி ஆஸ்தியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்று சொன்னார். அன்று சாயங்காலம் அவர் வீட்டுப் பெட்டி இலேசாகத்தான் ஆகியிருக்கும். "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று இயேசு சொன்னதும் அதே சாயங்காலம்தான்.

சரி, தினமும் எப்படிச் செய்வது? என் பழக்கத்தைச் சொல்கிறேன். அவரவர் வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் இடமும் நேரமும். படுக்கையில் படுத்தபடி செய்ய நினைத்தால் தூக்கம் வந்துவிடும். நான் கடையை அடைத்து, மெஷினுக்கு உறை போடுவதற்கு முன் செய்கிறேன். உடம்பு இன்னும் வேலையின் நடுவில் இருக்கும். அன்றைக்கு நடந்தவை அந்த மேசையிலேயே கிடக்கும். முதலில் 139ஆம் சங்கீதத்தின் கடைசி இரண்டு வசனங்களை மெதுவாகச் சொல்வேன்: "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்." ஆராய்கிறவர் அவர் என்பது முக்கியம். நானே என்னை ஆராயத் தொடங்கினால் ஒன்று என்னை நியாயப்படுத்திக்கொள்வேன், அல்லது தேவைக்கு மேல் அடித்துக்கொள்வேன்.

பிறகு பில் புத்தகத்தைத் திறந்து அன்று வந்தவர்களின் பெயர்களைப் பார்ப்பேன். ஒவ்வொரு பெயரிலும் கொஞ்சம் நிற்பேன். இவரிடம் உண்மை பேசினேனா? இவர் போன பிறகு இவரைப் பற்றி என்ன சொன்னேன்? தையல் கடையில் புறணி பேசாமல் இருப்பது பொய் பேசாமல் இருப்பதைவிடக் கஷ்டம். அளவெடுக்கும்போது உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை, கல்யாணத் துணி வெட்டும்போது சம்பந்தி வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை, இப்படியே வளர்ந்துவிடும். சில பெயர்களில் எதுவும் இருக்காது. "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று கடந்துவிடுவேன். சில பெயரில் நெஞ்சு நின்றுவிடும். அங்கே பூசி மெழுகாமல் சொல்வேன். "ஆண்டவரே, நான் கோபப்பட்டிருந்தால் மன்னியும்" என்று சொல்வதில்லை. "மத்தியானம் அந்தப் பிள்ளையைப் பார்த்து இன்ன வார்த்தை சொன்னேன்" என்று அந்த வார்த்தையையே சொல்வேன். தனியாக அந்த வார்த்தையைத் திரும்ப உச்சரிக்கும்போதுதான் அது எவ்வளவு கசப்பான வார்த்தை என்று காதில் விழும்.

அதன்பின் 1 யோவான் 1:9. "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கி நம்மைச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்." இதைச் சத்தமாகச் சொல்வேன். இதைச் சொல்லாமல் எழுந்தால் பாவப்பட்டியல் மட்டும்தான் மனதில் மிஞ்சும், மன்னிப்பு வந்து சேராது. கடைசியாக, நாளைக்குச் செய்யவேண்டியது ஏதாவது இருந்தால் பில் புத்தகத்தின் ஓரத்தில் ஒரு வார்த்தை எழுதிவைப்பேன்: யாரிடம் பேசவேண்டும், யாருக்கு எதைத் திருப்பித் தரவேண்டும். அவ்வளவுதான். அதிக நேரம் பிடிக்காது. பிடித்தால் வேறு எதற்கோ போய்விட்டேன் என்று அர்த்தம்.

"ஞானஸ்நானம் எடுத்தாச்சு, இரட்சிக்கப்பட்டாச்சு, அப்புறம் எதற்குத் தினமும் பாவ அறிக்கை?" என்று கேட்கிறவர்கள் உண்டு. எங்கள் சபையிலேயே கேட்டிருக்கிறார்கள். இதற்குச் சபை வரலாற்றில் நல்ல பதில்கள் இருக்கின்றன. 1517இல் மார்ட்டின் லூத்தர் எழுதிய 95 வாசகங்களில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்று இயேசு விரும்பினார் என்பதுதான். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, விசுவாசிகளின் மனந்திரும்புதலைப் பற்றி மட்டும் தனியாக ஒரு பிரசங்கம் 1767இல் எழுதினார்: ராஜ்யத்துக்குள் நுழைய முதல் மனந்திரும்புதல் எவ்வளவு தேவையோ, கிருபையில் நிலைத்து வளர இந்த இரண்டாவது மனந்திரும்புதலும் அவ்வளவு தேவை என்பது அவர் வாதம். அவருடைய ஆரம்பகாலச் சின்னக் குழுக்களுக்கு 1738இல் எழுதிய விதிகளின்படி, ஒவ்வொரு கூடுகையிலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, போன கூட்டத்துக்குப் பிறகு தெரிந்தே செய்த பாவம் என்ன என்பதுதான். இன்றைக்கு நம் வீட்டுக்கூட்டத்தில் அந்தக் கேள்வியை முதலில் கேட்டால் எத்தனை பேர் அடுத்த வாரம் வருவார்கள் என்று தெரியாது. ஆனால் மெதடிஸ்ட் என்ற பெயரைச் சுமக்கிற நாம் அதை முழுவதும் மறந்துவிட்டது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

எனக்கு இவற்றையெல்லாம்விடப் போதுமானது பரமண்டல ஜெபம். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று கேட்ட உடனே, "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று கேட்கச் சொல்லியிருக்கிறார். சோறு தினமும் வேண்டும் என்றால் மன்னிப்பும் தினமும் வேண்டும். கடைசி இராப்போஜனத்தில் தன் கால்களைக் கழுவ வந்த இயேசுவிடம் பேதுரு, கால் மட்டும் அல்ல, கையையும் தலையையும் கழுவும் என்றபோது, முழுகினவன் தன் கால்களை மட்டும் கழுவினால் போதும், மற்றபடி அவன் முழுவதும் சுத்தமாயிருக்கிறான் என்றார் இயேசு. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது விளக்கவே வேண்டியதில்லை. குளித்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பினாலும் செம்மண் சாலையில் நடந்தால் கால் அழுக்காகும். வாசலில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கும். யாரும் அதற்காக மறுபடி குளிக்கப் போவதில்லை, அழுக்குக் காலோடு வீட்டுக்குள் வருவதும் இல்லை.

இதுவரை சொன்னது சுலபமான பாதி. ஆண்டவரிடம் சொல்வதைவிட மனிதரிடம் சொல்வதுதான் நமக்கு மலை. அதுவும் நம் வீடுகளில் பெரியவர் சின்னவரிடம் மன்னிப்புக் கேட்பது என்பது கிடையாது. என் அத்தையை, அதாவது என் மாமியாரை, நினைத்துக்கொள்கிறேன். லூத்தரன் குடும்பத்திலிருந்து வந்தவர். லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தைச் சின்ன வயதில் மனப்பாடம் செய்தவர். நம்மில் இருக்கிற பழைய ஆதாம், அதாவது நம் பாவ சுபாவம், தினசரி மனஸ்தாபத்தாலும் மனந்திரும்புதலாலும் மூழ்கிச் சாகவேண்டும் என்ற பகுதியைப் பிசகாமல் சொல்வார். என்னைக் கடிந்து பேசிவிட்ட நாட்களில் ராத்திரி என் தட்டில் மீன் தலையை வைப்பார். அவர் கணவருக்குக்கூட வைக்காத மீன் தலை. அதுதான் அவருடைய மன்னிப்பு. நான் அதைப் புரிந்துகொண்டு சாப்பிட்டேன். இன்றும் அதை நினைத்தால் கண் கலங்குகிறது. அந்தத் தலைமுறைக்கு அன்பைச் சொல்லத் தெரியாது, செய்யத்தான் தெரியும். அதைக் குறைவாக நான் பேசமாட்டேன். ஆனாலும் ஒரு தடவையாவது வாயால் சொல்லியிருக்கலாம் என்ற ஏக்கம் எனக்குள் இருந்தது. என் மருமகளுக்கு அந்த ஏக்கம் இருக்கக்கூடாது என்று நினைக்கிறேன். ஆகவே சோறும் போடுகிறேன், சொல்லவும் சொல்கிறேன்.

கடையில் காஜா எடுக்கவும் ஊக்கு வைக்கவும் ஒரு பிள்ளை இருக்கிறது. ஒரு நாள் கல்யாண ரவிக்கையில் ஊக்கு வரிசை மாறிப்போனதற்கு, வந்திருந்த இரண்டு பெண்கள் முன்னாலேயே அவளை வறுத்தெடுத்துவிட்டேன். ராத்திரி அந்தப் பெயரில் நெஞ்சு நின்றது. காலையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "பரவாயில்லை ஆன்ட்டி" என்றாள், தலையை நிமிர்த்தாமல். பரவாயில்லை என்று அவள் சொன்னாலும் விஷயம் முடியவில்லை என்று தெரிந்தது. பலர் முன்னால் திட்டிவிட்டுத் தனியாக மன்னிப்புக் கேட்பது என் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். அந்தப் பெண்கள் துணி வாங்க வந்த அன்று, அவர்கள் முன்னாலேயே, "அன்னைக்கு இவளைத் திட்டினேன் பாருங்க, அது தப்பு. ஊக்கு மாறினது சின்ன விஷயம், நான் பேசினது பெரிய விஷயம். மன்னிச்சுக்கம்மா" என்றேன். அவர்களில் ஒருவர் விபூதி பூசிய நெற்றியோடு என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இதெல்லாம் உங்க சாமி சொல்லிக் கொடுத்ததா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் நானும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை.

மன்னிப்புக் கேட்கும்போது கவனிக்கவேண்டியவை சில உண்டு. "ஆனால்" என்று அடுத்த வாக்கியம் தொடங்கினால் மன்னிப்பு அங்கேயே செத்துவிடும். "நான் பேசினது தப்புதான், ஆனால் நீயும்..." என்றால் அது வழக்கு. வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படம் அனுப்புவது மன்னிப்பு ஆகாது. முடிந்தால் நேரில், முடியாவிட்டால் போனில், குரலில். பதிலை எதிர்பார்த்து நிற்கக்கூடாது. கேட்டவுடன் மன்னிக்கவேண்டும் என்று நெருக்குவது இன்னொரு பாரம். பணம் சம்பந்தப்பட்டிருந்தால் பணத்தோடு போகவேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவனோடு வாழ்கிற பெண்ணிடம், "நீ மனந்திரும்பு, பொறுமையாய் இரு, எல்லாம் சரியாகும்" என்று சபையிலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது கொடுமை. அவனவன் தன் தன் பாவத்துக்குத்தான் மனந்திரும்பவேண்டும். அடிக்கிறவனுடைய பாவத்தை அடிபடுகிறவள் தலையில் வைக்க வேதம் எங்கும் சொல்லவில்லை. மலேசியாவில் 1994ஆம் ஆண்டிலேயே குடும்ப வன்முறைச் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. போலீஸில் புகார் செய்யலாம், 15999 என்ற தாலியான் காசே அரசு உதவி எண்ணில் எந்த நேரத்திலும் அழைக்கலாம். அப்படிப்பட்ட பெண் மன்னிப்பைப் பற்றி யோசிப்பது, முதலில் பத்திரமான இடத்துக்குப் போன பிறகுதான்.

இன்னொரு பக்கம், தினசரி மனந்திரும்புதலே ஒரு வியாதியாகிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி, இளவயதில் நடந்த ஒன்றை ஒவ்வொரு கூட்டத்திலும் முழங்காலிட்டு அறிக்கையிடுவார். மன்னிப்புக் கிடைத்தது என்று நம்பவே முடியவில்லை அவருக்கு. சாப்பாடு இறங்காது, தூக்கம் கிடையாது. பவுல் 2 கொரிந்தியர் 7:10இல் இரண்டு துக்கங்களைப் பிரித்துக் காட்டுகிறார்: தேவனுக்கேற்ற துக்கம் மனந்திரும்புதலை உண்டாக்குகிறது, லௌகிக துக்கம் மரணத்தை உண்டாக்குகிறது. பேதுருவும் அழுதார், யூதாசும் மனஸ்தாபப்பட்டார். பேதுரு மீண்டும் இயேசு நின்ற கரைக்கே நீந்திப் போனார். ஆண்டவரிடம் இன்னும் கிட்டப் போகவைக்கிற துக்கம் நல்ல துக்கம். அவர் முகத்தைப் பார்க்கவிடாமல் தடுப்பது அவரிடமிருந்து வருவதல்ல. நாங்கள் சிலர் அந்தச் சகோதரியைப் போதகரிடம் அழைத்துப் போனோம். யாக்கோபு 5:16 சொல்கிறபடி இன்னொருவர் முன்னால் சொல்லி, இன்னொருவர் வாயால் மன்னிப்பின் வசனத்தைக் கேட்டது அவருக்கு ஆறுதலாக இருந்தது. போதகரே அவரை மருத்துவரைப் பார்க்கவும் சொன்னார். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைவு இல்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னதற்கு நான் நன்றியோடிருக்கிறேன். இப்போது அந்தச் சகோதரிக்கு எங்களுடைய ஆலோசனை ஒன்றுதான்: இன்றைக்குள்ளதை மட்டும் அறிக்கை செய்யுங்கள். மன்னிக்கப்பட்ட பழையதை மறுபடி எடுக்கவேண்டாம்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து "இன்னைக்கு என்ன தப்பு செஞ்சே, சொல்லு" என்று பிடுங்காதீர்கள். அவர்கள் தப்பிக்கப் பொய் சொல்லப் பழகுவார்கள். பெரியவர்கள் தங்களுடையதைச் சொன்னால் போதும். என் பேரப்பிள்ளை முன்னால் என் மகன், "இன்னைக்கு ரோட்டில ஒருத்தரைக் கண்டபடி திட்டிட்டேன் ஆண்டவரே" என்று ஜெபித்தபோது, பையன் கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தான். சில நாட்கள் கழித்து அவனாகவே, தங்கச்சியின் பென்சில் டப்பாவைப் பற்றி ஒரு ஜெபம் செய்தான்.

எல்லாமே சரியாகிவிடவில்லை. சொத்து விஷயத்தில் பேச்சு முற்றி, என் சித்தப்பா மகள் என்னோடு பேச்சை நிறுத்தியிருக்கிறாள். என் பக்கத்துத் தவறுக்கு நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. கதவு வரை வந்தாள், உள்ளே கூப்பிடவில்லை. அவள் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. எப்போது மன்னிப்பது என்பது அவளுக்கும் ஆண்டவருக்கும் உள்ள விஷயம். "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்று ரோமர் 12:18 சொல்லும்போது, நம்மால் ஆகாத பங்கும் உண்டு என்று பவுலே ஒப்புக்கொள்கிறார். ராத்திரி பில் புத்தகத்தை மூடிய பிறகு அவள் பெயரையும் சொல்லித்தான் எழுந்திருக்கிறேன். இந்தத் தீபாவளி ஆர்டர் முடிந்ததும் ஈப்போவுக்குப் போகிறேன். அவள் பிள்ளைக்குத் தைத்துவைத்திருக்கிற பாவாடையையும் கொஞ்சம் முறுக்கையும் கொடுத்துவிட்டு வரவேண்டும். பழைய பேச்சை நானாக எடுக்கப்போவதில்லை.